பச்சைத் தண்ணீரில் ஓடிய பழைய டீசல் எஞ்சின்: லைனர் ஓட்டையும் கூலண்ட் மாற்றமும்

எங்கள் பட்டறைக்கு வந்த வண்டி 2004 மாடல், பத்துச் சக்கர லாரி. ஆறு சிலிண்டர், டர்போ, வெட் லைனர் எஞ்சின்; அதாவது பிஸ்டன் ஓடும் உருளை (லைனர்) பிளாக்கில் தனியாகச் செருகியது, அதன் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் படும். உரிமையாளர் சங்ககிரிக்காரர், அவரே ஓட்டுகிறார். பெரும்பாலும் சேலத்தில் லோடு ஏற்றி பெங்களூரு, புனே பக்கம் போய் வரும் வண்டி. புகார் இரண்டு. தொப்பூர் கணவாயில் லோடோடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடப் போகிறது. ரேடியேட்டரில் தினம் அரை லிட்டர், முக்கால் லிட்டர் தண்ணீர் குறைகிறது. ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூடக் கிடையாது.

இதற்கு முன்பு வேறொரு பட்டறையில் ஹெட்டைத் (சிலிண்டர்களின் மேல்மூடி) தூக்கி, அதன் அடியிலுள்ள கேஸ்கெட்டை மாற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் சரியானது போலத் தெரிந்து, அப்புறம் பழைய கதையே. தண்ணீர் குறைகிறது என்றதும் கேஸ்கெட்டில் கை வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு நாள் வண்டியை நிறுத்த யாருக்கும் மனம் வருவதில்லை; வாடகை போய்விடும்.

வெளியே ஒழுகாத தண்ணீர் எஞ்சினுக்குள்தான் போக வேண்டும். கேஸ்கெட் வழியாகவோ ஹெட் விரிசல் வழியாகவோ சிலிண்டருக்குள் இறங்கலாம், லைனரின் கீழ் ரப்பர் ரிங் போயிருந்தால் நேராக அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குப் போகலாம், லைனரே ஓட்டையாகியிருக்கலாம். ஆயில் கூலர் போயிருந்தால் எஞ்சின் ஓடும்போது எண்ணெய்க்குத்தான் அழுத்தம் அதிகம், ஆகவே ரேடியேட்டர் வாயில் எண்ணெய் மிதக்கும். இந்த வண்டியில் எண்ணெய் மிதக்கவில்லை. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் அளவும் பெரிதாக ஏறவில்லை. இதை வைத்து "சம்ப்பில் தண்ணீர் இல்லை" என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். சூடான எண்ணெயில் விழும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகி பிரீதர் என்ற காற்றுப்போக்கி வழியே போய்விடும், அளவு ஏறாது.

சோதனை எளிதானது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் போடாமல், சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்த வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். ராத்திரியில் அடியில் போய்த் தங்கிவிடும். இந்த வண்டியில் முதலில் வந்தது காவி நிறத் தண்ணீர், அரை டம்ளருக்கு மேல். அதற்குப் பிறகுதான் எண்ணெய். சம்ப்பைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியின் அளவுக்குக் காற்று ஏற்றி, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ரப்பர் ரிங் போயிருந்தால் லைனருக்கும் பிளாக்குக்கும் இடையிலிருந்து, லைனரின் வெளிப்பக்கம் சொட்டும். லைனர் ஓட்டை என்றால் உட்சுவரில் வழியும். ஐந்தாம் சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் ஈரம் தெரிந்தது. கேஸ்கெட் மேல் பழி இல்லை.

ஐந்தாவது லைனரை இழுத்து வெளியே எடுத்ததும் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையும் பழுப்புமாக உப்புப் பொருக்கு. துடைத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக இரண்டு விரல் அகலத்துக்கு, கரையான் அரித்த பலகை போலக் குழிகள். விளிம்பு கூர்மையாக, உள்ளே கறுத்து, ஆழமாகப் போகும் குழிகள். அதில் ஒன்று மறுபக்கம் வரை போயிருந்தது. குண்டூசி முனை நுழையும் அளவு. நேர் எதிர்ப்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு பட்டை, ஆனால் மேலோட்டமாக. கிராங்க் ஓடும் திசையில், அதாவது முன்னும் பின்னும், லைனர் ஒரு குழிகூட இல்லாமல் இருந்தது.

குழி விழுந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. துரு என்றால் சுற்றிலும் ஒரே மாதிரி அரித்திருக்கும். டீசல் எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பின்போதும் பிஸ்டன் பக்கவாட்டில் லைனரை அறைகிறது. லைனர் அந்த அடியில் கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. சுவர் தண்ணீரைவிட்டு விலகும் கணத்தில் அங்கே அழுத்தம் விழுந்து நுண்ணிய ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை உள்நோக்கி உடைகின்றன. ஒவ்வொரு குமிழும் உடையும்போது ஊசி முனையால் குத்துவது போன்ற அடி. முதலில் இரும்பின் மேலுள்ள காப்புப் படலம் உரிகிறது, பிறகு இரும்பே போகிறது. கேவிட்டேஷன் என்று சொல்வது இதைத்தான். பிஸ்டன் அறையும் பக்கத்தில் அதிகம், எதிர்ப்பக்கத்தில் குறைவு, முன்பின்னாக ஒன்றுமில்லை என்ற கணக்கு அப்படியே பொருந்தியது.

இதைத் தடுப்பது தண்ணீரில் கலந்திருக்கும் தடுப்பு மருந்து. ஹெவி டியூட்டி கூலண்டில் உள்ள நைட்ரைட், லைனர் மேல் ஒரு கெட்டியான ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. குமிழ் அடித்துப் படலம் பெயர்ந்தாலும் உடனே அதே இடத்தில் மறுபடி கட்டிவிடும். குமிழ் நிற்காது; அடி வாங்கும் படலம் புதுப்பிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்த வேலையில் நைட்ரைட் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. இந்த வண்டியில் ஊற்றி வந்த, கூலண்ட் கலக்காத பச்சைத் தண்ணீரில் இது எதுவுமே இல்லை.

உரிமையாளரிடம் சொன்னபோது அவர் கேட்டது: "ஏனுங்க, எங்கப்பா காலத்துல இருந்து தண்ணிதான் ஊத்தறோம். கூலண்ட்டு பனி உறையாம இருக்கறதுக்குத்தானுங்களே? நம்மூர்ல என்ன பனியா பெய்யுது?"

கேள்வி நியாயமானது. ஆன்டிஃபிரீஸ் என்று டப்பாவில் போட்டு விற்றதால் வந்த வினை. சங்ககிரிக்கு உறைநிலை தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அந்த டப்பாவில் நமக்கு வேண்டியது வேறு சரக்கு. சரிபாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் −37 டிகிரிக்கு உறைகிறது என்பதை மறந்துவிடலாம். அதே கலவை மூடி இல்லாமலேயே 108 டிகிரி வரை கொதிக்காது என்பதும், துரு, படிவு, கேவிட்டேஷன் மூன்றுக்குமான மருந்து அதில்தான் இருக்கிறது என்பதும் நமக்கு முக்கியம்.

வெட் லைனர் இல்லாத எஞ்சினுக்கு இந்தக் கவலை வேண்டாமா என்றால், குறைவு; இல்லை என்று சொல்ல முடியாது. கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் எஞ்சினில் லைனரே கிடையாது, பிளாக்கிலேயே சிலிண்டர். அதன் அண்ணன் 6சிடி 8.3 வெட் லைனர். ஆனால் அமெரிக்காவில் 1983இல் ஃபோர்டு பிக்கப்களில் வந்த 6.9 லிட்டர் டீசலும் அதற்குப் பின் வந்த 7.3ம் லைனர் இல்லாதவை. சிலிண்டர் சுவர் மெல்லியது என்பதால் அவற்றிலும் இதே குழி விழுந்து பிளாக்கே வீணானது உண்டு. லைனர் என்றால் மாற்றிக்கொள்ளலாம். பிளாக் ஓட்டையானால் சிலிண்டரைக் கடைந்து ஸ்லீவ் போட வேண்டும்.

கழற்றியபோது லைனர் தவிர வேறு மூன்று விஷயங்களும் கிடைத்தன. தெர்மோஸ்டாட் வீட்டில் (அது உட்காரும் கூடு) தெர்மோஸ்டாட் இல்லை. சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு அது. சூடு ஏறுகிறது என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அப்போதுதான் எல்லாத் தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போகும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு சுடுதண்ணீர் ரேடியேட்டரையே பார்க்காமல் எஞ்சினுக்குள் சுற்றும். ஏற்றத்தில் சூடு ஏறுவதற்கும், ராத்திரி சமதளத்தில் எஞ்சின் சூடே ஏறாமல் கருகல் புகையோடு ஓடுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது மூடி. ஸ்பிரிங் செத்து, ரப்பர் வாஷர் கல்லாகிவிட்டிருந்தது, அழுத்தமே பிடிக்கவில்லை. ரேடியேட்டர் மூடியை மூடி என்று மட்டும் நினைக்கிறோம். அது பிடிக்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்கிறது. அழுத்தம் இருந்தால் லைனர் மேல் குமிழ் உருவாவதும் குறையும். விலை குறைந்த இந்த மூடி போனதும் லைனர் அரிப்புக்குத் துணை போயிருக்கிறது.

மூன்றாவது ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி. கடையில் தொட்டியைப் பிரித்தபோது அடியில் ஒரு அங்குலத்துக்கு மஞ்சளும் காவியுமாகச் சேறு; விரலில் எடுத்து முகர்ந்தால் மஞ்சள் வாசனை இன்னும் இருந்தது. வழியில் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டி அடைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்வது லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். ஊர் வந்து சேரத்தான் அது. வந்ததும் கழுவி எடுக்காவிட்டால் ஓட்டையை அடைத்த மஞ்சள் குழாய்களையும் அடைக்கும். நாற்பது சதவீதக் குழாய்கள் செத்துக் கிடந்தன.

தண்ணீரையும் பார்த்தோம். உரிமையாளர் வண்டியில் எப்போதும் வைத்திருக்கும் கேனிலிருந்து எடுத்த போர் தண்ணீர், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,300 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) மேல் காட்டியது. எஞ்சின் கம்பெனிகளின் கையேடுகள் கூலண்டோடு கலக்கும் தண்ணீருக்குத் தரும் மேல்வரம்பு: கடினத்தன்மை 170 பிபிஎம், குளோரைடு 40, சல்பேட் 100, மொத்தக் கரைபொருள் 340. நம் குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 குளோரைடு 250 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 1,000 வரை விடுகிறது. மனிதன் குடிக்கலாம், எஞ்சின் குடிக்கக் கூடாது. படிவு மெல்லியதுதானே என்று விடவும் முடியாது. ஒன்றரை மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படிவு, நூறு மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும் என்று சர்வீஸ் கையேடுகளில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இனி எந்தக் கூலண்ட்? இதில்தான் அதிக நேரம் பேசினோம். கடைக்காரர் முதலில் கேட்டது "பச்சையா, சிவப்பா?" நிறத்துக்கு எந்த விதியும் இல்லை. ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் வேறு வேறு சரக்காக இருக்கலாம். டப்பாவின் பின்பக்கத் தர எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கார் கூலண்ட் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஐஎஸ் 5759, ஜிஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி3306 என்றெல்லாம் போட்டிருக்கும். துருவுக்கு நல்லது. ஆனால் அந்த எண்கள் மட்டும் இருந்தால் வெட் லைனரைக் காப்பாற்றும் உறுதி அதில் இல்லை. ஜப்பான் வழிக் கூலண்ட்களில் பாஸ்பேட் இருக்கும். வழியில் யாராவது உப்புத் தண்ணீரை ஊற்றினால் அது சுண்ணாம்போடு சேர்ந்து இன்னொரு படிவாக இறங்கும். சில டப்பாக்களில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலக்கச் சொல்லியிருக்கும். அப்படிக் கலந்தால் மருந்து பெயருக்குத்தான் இருக்கும்.

ஆர்கானிக் ஆசிட் வகை, நீண்ட ஆயுள் கூலண்ட் நல்ல சரக்குதான். புது எஞ்சினுக்கு நான் அதைத்தான் சொல்வேன். இந்த வண்டிக்கு வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் உண்டு. ரேடியேட்டர் பித்தளை, செம்பு, ஈயப் பற்றவைப்பு. இவற்றோடும் பழைய ரப்பர், சிலிக்கோன் சீல்களோடும் சில ஆர்கானிக் கூலண்ட்கள் ஒத்துப்போவதில்லை. அதைவிடப் பெரிய காரணம், அதன் நீண்ட ஆயுள் வேறெதுவும் கலக்காமல் இருந்தால்தான். ஓடும் வழியில் கிடைத்ததை ஊற்றும் வண்டியில் அந்த ஆயுளுக்குக் கொடுத்த காசு வீண்.

எடுத்தது ஏஎஸ்டிஎம் டி6210 என்று தெளிவாக அச்சிட்ட, ஹெவி டியூட்டி, நைட்ரைட்டும் மாலிப்டேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் சேர்ந்த கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலண்ட்). அந்தத் தரத்தின்படி நைட்ரைட் மட்டும் என்றால் குறைந்தது 1,200 பிபிஎம் இருக்க வேண்டும். மாலிப்டேட்டோடு சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து 780, அதில் ஒவ்வொன்றும் 300க்குக் குறையாமல். மருந்து முன்பே கலந்து வருவதால் முதல் நிரப்பில் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. டி4985 என்று மட்டும் போட்ட டப்பா வாங்கினால் முதல் நிரப்பிலேயே தனி மருந்து சேர்த்தாக வேண்டும். கடைகளில் இந்த வித்தியாசத்தைச் சொல்பவர்கள் குறைவு.

கிளைக்கால் எத்தனை சதவீதம் என்பதில் உரிமையாளருக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. தண்ணீர் அளவுக்குக் கிளைக்கால் வெப்பத்தைச் சுமக்காது என்பது அவர் எங்கோ கேட்டது, சரியும்கூட. அறுபதைத் தாண்டினால் எஞ்சினுக்கே கெடுதல். இந்தத் தரம் நாற்பது முதல் அறுபது வரைக்கும் வகுக்கப்பட்டது. நாற்பதுக்குக் கீழே போனால் மருந்தும் அதே விகிதத்தில் நீர்த்துவிடும். சரிபாதியில் நின்றோம். வழியில் யாராவது கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாலும் நாற்பதுக்கு மேலேயே இருக்கும்.

வேலைக்கு வருவோம். ஆறு லைனர்களில் இரண்டுதான் மோசம். மற்றவற்றில் குழி ஆழமில்லை. தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டு ஓட்டலாம் என்றார் எங்கள் மேஸ்திரி. அது பழைய முறை, தப்பும் இல்லை. ஆனால் பிஸ்டனும் ரிங்கும் ஓடித் தேய்ந்தவை என்பதால் ஆறையும் மாற்றினோம். லைனரை எடுத்த பிறகு தண்ணீர் அறைகள் கைக்கு எட்டும். கம்பி பிரஷ்ஷால் பொருக்கைச் சுரண்டி, பின் சிலிண்டர்களின் மூலையில் கெட்டியான சேற்றை ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தோம். பழைய எஞ்சினில் எப்போதும் பின்பக்கம்தான் அதிகம் அடைந்திருக்கும். ரப்பர் ரிங் உட்காரும் பள்ளங்களைத் துணியால் பளிச்சென்று துடைத்து, லைனர் காலர் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று டயல் வைத்துப் பார்த்து, கையேட்டு அளவுக்குள் வந்த பிறகே ஹெட்டை ஏற்றினோம். ரேடியேட்டர் கடையில் கம்பி விட்டுக் குழாய்களைத் திறந்தார்கள். திறக்காதவை இருந்ததால் கோர் மாற்ற வேண்டியதாயிற்று.

எஞ்சினைப் பிரிக்காமல் கூலண்ட் மட்டும் மாற்றுவதாக இருந்தால் வேலை வேறு மாதிரி. ரேடியேட்டர் அடிக் குழாயை மட்டும் திறந்தால் பாதித் தண்ணீர் பிளாக்கிலேயே நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு வடிகுழாய் இருக்கும். துருப்பிடித்து இறுகியிருக்கும், அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்த வேண்டும். துருவும் சுண்ணாம்பும் என்றால் சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். 25, 30 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோவுக்குள். தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரை ஓடவிட்டு, ஆறியதும் வடித்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை, பிறகு வெறும் தண்ணீரால் வரும் நீர் தெளியும்வரை. காஸ்டிக் சோடா வேண்டாம். அலுமினியப் பாகங்களைத் தின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: பழைய எஞ்சினில் சில கசிவுகளைப் படிவே அடைத்து வைத்திருக்கும். சுத்தம் செய்தால் திறக்கும். அது சுத்தம் செய்ததன் குற்றம் அல்ல. என்றாலும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

நிரப்பும்போது ஒரு கணக்கு. அலசிய தண்ணீர் எவ்வளவு வடித்தாலும் சில லிட்டர் உள்ளே நிற்கும். முன்பே கலந்த கூலண்டை ஊற்றினால் அது நீர்த்துவிடும். ஆகவே மொத்தக் கொள்ளளவில் பாதியை கான்சன்ட்ரேட்டாக முதலில் ஊற்றி, மீதியை டீமினரலைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீரால் நிரப்ப வேண்டும். இந்த வண்டிக்கு 26 லிட்டர். 13 லிட்டர் கான்சன்ட்ரேட் முதலில். அவசரமாக ஊற்றினால் ஹெட்டில் காற்று சிக்கும். தெர்மோஸ்டாட் வீட்டின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் கூலண்ட் வழியும்வரை மெதுவாக ஊற்றினோம். புதுத் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன் சட்டியில் தண்ணீர் சுடவைத்து, தெர்மாமீட்டரோடு உள்ளே போட்டுப் பார்த்தோம். 82 என்று பொறித்திருந்தது, 82ஐ ஒட்டித் திறக்கத் தொடங்கியது. புதுச் சாமான் என்றாலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

பழைய கூலண்ட் இருந்து அதை வடிப்பதாக இருந்தால் சாக்கடையில் விடக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் ஆடும் நக்கும், செத்துப்போகும். பெரிய ஆளுக்கே நூறு மில்லி உயிருக்கு ஆபத்து. பட்டறையில் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும்.

வண்டி போன கையோடு உரிமையாளர் போன் செய்தார்: "அண்ணா, கூலண்ட் ஊத்துன பொறவு ஹோஸ் எல்லாம் கசியுதுங்க." எதிர்பார்த்ததுதான். கிளைக்கால் கலந்த நீர் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். கிளிப்புகளை எஞ்சின் ஆறிய நிலையில் ஒருமுறை இறுக்கச் சொன்னோம். வெடிப்பு விட்ட கீழ் ஹோஸ் ஒன்றை மாற்றினார். அடுத்த போன் முள்ளைப் பற்றி. முன்பு ராத்திரியில் கால்வாசிக்குக் கீழே நின்ற முள் இப்போது நடுவில் நிற்கிறதாம். அங்கேதான் நிற்க வேண்டும். கணவாயில் முழு லோடோடு ஏறும்போது நடுவைத் தாண்டிக் கொஞ்சம் போய், மேலே ஏறியதும் திரும்பி வந்துவிடுகிறது. தண்ணீர் குறைவதும் நின்றது.

ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் டெஸ்ட் ஸ்ட்ரிப் நனைத்து நைட்ரைட் அளவையும், ரிஃப்ராக்டோமீட்டரில் கிளைக்கால் சதவீதத்தையும் பார்க்கிறோம். கூலண்டின் நிறத்தைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்பது வேலைக்கு ஆகாது. நைட்ரைட் செத்த பிறகும் சாயம் அப்படியே இருக்கும். ஒருமுறை நைட்ரைட் இறங்கியிருந்தபோது தனி மருந்து சேர்த்தோம், டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடிகூட இல்லாமல். அதிகம் போட்டால் பற்றவைப்பு ஈயத்தை அரிக்கும், மருந்தே கூழாக இறங்கி ரேடியேட்டரை அடைக்கும். வண்டியில் இருந்த போர் தண்ணீர்க் கேனுக்குப் பதில், சரிபாதி கலந்த கூலண்ட் ஐந்து லிட்டர் கேன், மேலே பெயர் எழுதி, கிளீனருக்கும் சொல்லி வைத்திருக்கிறது.

இப்போது அவர் தன் இரண்டாவது வண்டிக்கும் அதே டப்பாவை வாங்கப் போகிறேன் என்கிறார். அது பிந்தைய மாடல், அலுமினிய ரேடியேட்டர், தொழிற்சாலையிலிருந்தே ஆர்கானிக் கூலண்டோடு வந்தது. அதில் இந்த நைட்ரைட் சரக்கைக் கலக்க வேண்டாம், கையேட்டில் போட்டிருக்கும் தர எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.